கதவு மிஸ்ஸின் கரண்டி

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்று அவர் செருப்பைக் கழற்றினார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் இழுத்துப் போட்ட கதிரையைச் சுற்றிக்கொண்டு நேரே மகளின் அறை வாசலுக்குப் போனார். அங்கே தொங்கிய பூப்போட்ட சீலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, கதவு எங்க?"

கைபேசி வழியாக மனநல உதவி கிடைக்கும், அதைத் தொடக்கித் தர ஒரு மிஸ் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் மகளின் கைபேசியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, விருந்தாளிக்கு வெற்றிலை வைப்பதுபோல் ஒரு தட்டில் வைத்திருந்தேன். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"கதவு இருந்திச்சி மிஸ்" என்றேன்.

பொய் இல்லை. இருந்தது. மச்சானின் கலியாணத்தின்போது ஆட்கள் போக வர இடைஞ்சல் என்று கழற்றினோம். கலியாணம் முடிந்து, மச்சானுக்கு மூன்று பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். கதவு மட்டும் திரும்ப வரவில்லை, கோழிக்கூட்டின் மேலே படுத்துக்கொண்டது. மிஸ் பின்வளவுக்குப் போய் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "நல்ல முதிரை மரக் கதவு. கோழிக்கு என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்தார். உள்ளே மடிக்கணினி இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். சுத்தியல், ஸ்குரூ ட்ரைவர், பழைய பவுடர் டின் நிறைய ஆணி, பத்திரிகைத் தாளில் சுற்றிய, கதவுக்குப் போடும் நாலைந்து இரும்புக் கொண்டிகள். அன்று பகல் எங்கள் கோழிகள் கூரையை இழந்தன.

தில்லையடியில் அவரைக் கதவு மிஸ் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால், "யாரு அது?" என்று கேட்பார்கள்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. ஓட்டிசம் என்று சின்னதிலேயே தெரியும். அதோடு வாழ நாங்கள் எல்லோரும் ஓரளவு பழகியிருந்தோம். பழகாத ஒன்று சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு வந்தது. முதலில் வெளியே வருவதைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டை, பிறகு பேச்சை. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒருநாள் கூட்டிப் போனோம். நிறைந்த விறாந்தை, கடகடவென்று சுற்றும் விசிறிகள், இலக்கம் கூப்பிடும் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையின் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை ஓட்டோவை விட்டே இறங்கவில்லை. அங்கே இருந்த தாதி ஒருவர்தான் வெளியே வந்து, எழுதியே பேசலாம், முகமும் வேண்டாம் குரலும் வேண்டாம் என்று சொல்லி இந்தச் சேவையின் இலக்கத்தைத் தந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, முக்கால் மணி நேரம், எங்கோ இருக்கும் ஓர் ஆலோசகருடன். அதுவும் சரிவராவிட்டால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பிள்ளை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள்.

கதவை நிலையில் பொருத்தி முடித்ததும் மிஸ் சோதனை வைத்தார். அவர் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார், நாங்கள் வெளியே வழக்கம்போல் கதைக்க வேண்டும். நாங்கள் என்றால் நானும் என் மதினியும். மதினி என் கணவரின் அக்கா, அடுத்த வளவு. எங்கள் வீட்டில் ஒரு தும்மல் விழுந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாருக்குத் தடிமன் என்று விசாரிப்பவர். கொஞ்ச நேரத்தில் சோதனை என்பதையே மறந்துவிட்டோம். இந்த மிஸ்ஸுக்கு வயது என்ன இருக்கும், கலியாணம் ஆகவில்லையாமே, ஆணி அடிக்கிற கையைப் பார்த்தால் எந்த மாப்பிள்ளை வருவான் என்று போய்க்கொண்டிருந்தது கதை.

கதவு திறந்தது. "முப்பத்திரெண்டு. மாப்பிள்ளை வந்தவர், நான்தான் வேணாம் எண்டன்" என்றார் மிஸ். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. "எல்லாம் நல்லாக் கேக்குது. சுவருக்கு மேலால சத்தம் வருது. கதவு மட்டும் காணாது அக்கா, உங்க ரெண்டு பேரையும் தள்ளித்தான் வைக்கணும்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் பின்வளவு முருங்கை மரத்தடிக்கு நாடுகடத்தப்பட்டது இப்படித்தான்.

கொண்டியை அவர் உள்பக்கம் பொருத்தியபோது நான் கிட்டப் போனேன். மகள் காதில் விழாமல் கேட்டேன். "உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு புள்ள ஏதும் செஞ்சிட்டா என்ன செய்ற மிஸ்?"

எதற்கும் சிரிக்கிறவர் இதற்குச் சிரிக்கவில்லை. "அது சரியான பயம்தான்" என்றார். குசினிக்குப் போய்க் கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, காம்பு மெலிந்த ஒன்றை எடுத்து வந்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே அந்தக் காம்பை விட்டு மேலே தூக்கினால் கொண்டி எழும்பிவிடும். எனக்குக் காட்டியதோடு விடவில்லை. மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"உம்மா இதால வெளியில இருந்து திறக்கலாம். தேவை எண்டா மட்டும். உங்களுக்குத் தெரியாம ஒண்டும் இல்ல."

நாலு நாளாக வாய் திறக்காத என் மகள் அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். "எத்தன மில்லிமீட்டர்?" என்று கேட்டாள்.

மிஸ் அளவுநாடாவை எடுத்து ஒழுங்காக அளந்தார். "நாலு."

"ஹரி" என்றாள் மகள். சரி என்பதற்கான அந்தச் சிங்களச் சொல்லை மிஸ்ஸிடமிருந்து அன்றைக்கே பிடித்துவிட்டாள். மிஸ் தலவிலப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். சிலாபம், கொழும்பு என்று படித்ததால் பாதி வசனம் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடியும். கதைக்கத் தொடங்கினால் அடைமழைதான்.

அப்படிப்பட்ட மனுஷி மகளின் அறைக்குள் போனால் ஒரு சொல் பேசமாட்டார். கைபேசியின் முறை வந்தபோது இருவரும் நிலத்தில் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரே அறைக்குள் இருந்துகொண்டு, கைபேசியில் எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மணி நேரம். "பக்கத்துல இரிக்கிற புள்ளதானே, வாயால கேட்டா என்ன?" என்றேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், நான் மூன்று மாதமாகக் கேட்டும் கிடைக்காத விஷயங்கள் அவருக்குக் கிடைத்திருந்தன. மறுபக்கம் எழுதும்போது திரையில் மூன்று புள்ளிகள் ஆடுமே, அது மகளுக்கு நெஞ்சுப் படபடப்பைத் தரும். மணிச்சத்தம் வேண்டாம். சொல் வராத நாளில் அமத்துவதற்கு நிறக்கட்டங்கள் இருந்தன, சந்தோஷத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று. அதில் சாம்பல் நிறம் இல்லை என்பது மகளின் முறைப்பாடு. மிஸ் தன் காரியாலயத்தோடு மல்லுக்கட்டி மூன்றையும் முடித்துக்கொடுத்தார்.

"சாம்பல் எண்டா என்ன கருத்து?" என்று கேட்டேன்.

"மனசு எப்படி எண்டு அவவுக்கே தெரியாத நாளுக்கு அது."

அவருடைய ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். சைலன்சர் ஓட்டை. கல்பிட்டி வீதியில் அது வரும்போது எங்கள் குசினியில் மூடி அதிரும். மகளுக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து பள்ளிவாசல் முடக்கிலேயே நிறுத்தி, அங்கிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு வருவார். "பெற்றோல் முடிஞ்சா மிஸ்?" என்று கடைவாசலில் இருப்பவர்கள் கேட்பார்கள். விளக்கம் சொன்னால் மகளின் கதை ஊர்க்கதையாகிவிடும் என்பதால், "ஓம், முடிஞ்சிட்டு" என்பார். இப்படி நாலைந்து வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை, சில்லறைக் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு போத்தல் பெற்றோலோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். மிஸ் நன்றி சொல்லி, நிறைந்திருந்த தாங்கியைத் திறந்து, அதன்மேல் ஊற்ற விட்டு, வழிந்ததைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊரிலேயே திட்டமிட்டு வாழத் தெரியாத பெண் என்று ஒரு பெயரும் எடுத்தார்.

மற்ற வீடுகளிலும் இதே கூத்துத்தான். அறையே இல்லாத ஒரு வீட்டில், ஓர் இளைஞனுக்கு அவனுடைய வாப்பாவின் மீன் லொறியின் முன் ஆசனத்தை ஒழுங்கு செய்து கொடுத்திருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் கேட்காது. வாப்பா மட்டும் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று தன் லொறியைத் தானே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை. மகள் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள். மதினி ஊரில் இல்லை, மிஸ் வேறு வீட்டுக்குப் போயிருந்தார், நான் முருங்கையடியில் தனியே. பத்து நிமிடம் இருந்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கதைத்தால் தேத்தண்ணி போயாக வேண்டும். கை தானாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. இரண்டு கோப்பை ஊற்றினேன். ஒன்று மகளுக்கு. மற்றது யாருக்கு என்று பிற்பாடு மிஸ் கேட்டபோதுதான் எனக்கே விளங்கியது. எந்த ஊர் என்றுகூடத் தெரியாத ஆலோசகருக்கு நான் சீனி போட்டுக் கலக்கியிருக்கிறேன்.

தட்டத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கரண்டிக் காம்பை விட்டேன். கொண்டி சத்தமில்லாமல் எழும்பியது. மிஸ்ஸின் கைவேலை அவ்வளவு சுத்தம். மகளின் தோளுக்கு மேலால் திரை தெரிந்தது. தேத்தண்ணி ஒரு சாட்டுத்தான் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன். என் கண் போனது திரைக்குத்தான். ஒரு சொல்லை வாசித்தேன்.

அவள் திரும்பினாள். தேத்தண்ணியைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று செவ்வாய்க்கிழமைகள் கைபேசியைத் தொடவில்லை. ஆலோசகரின் செய்திகள் வந்து வந்து கிடந்தன. சோறும் வேண்டாம் என்றாள். கொண்டியையும் போடுவதில்லை, கதவு சும்மா சாத்தியிருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கொண்டியில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது, போக்கடித்தவள் நான்.

விஷயம் தெரிந்து மிஸ் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏசுவார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு அழுதேன். "பெத்த புள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தது குத்தமா மிஸ்?"

"தேத்தண்ணி குத்தமில்ல அக்கா. தட்டாம வந்ததுதான்" என்றார். "பிழை எண்டு அவவிட்டச் சொல்லுங்க."

நாற்பத்து நாலு வயதுவரை நான் பிள்ளையிடம் பிழை என்று சொன்னவள் இல்லை. என் உம்மாவும் என்னிடம் சொன்னதில்லை. வாய் வரவில்லை. "வாயால வேணாம், எழுதுங்க. அவவுக்கும் அதுதான் லேசு" என்று என் கைபேசியை எடுத்துத் தந்தார். குசினியில் நின்றபடி, ஒரு சுவருக்கு அப்பால் இருந்த மகளுக்கு எழுதினேன். கதவைத் திறந்தது பிழை. பார்த்தது பிழை. ஒரு சொல்தான் வாசித்தேன்.

நெடுநேரம் கழித்து வந்தது பதில். "எந்தச் சொல்?"

"உம்மா" என்று எழுதினேன்.

அதற்குப் பதிலாக ஒரு சாம்பல் கட்டம் மட்டும் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லம், பதில் வந்திருக்குத்தானே" என்றார்.

பிறகு என்னிடமிருந்து அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டு போய், கதவின் கீழிடுக்கால் உள்ளே தள்ளிவிட்டார். தள்ளிவிட்டு, கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இனி இது உங்கட. உம்மா உள்ள வரணும் எண்டு இருந்து, வாயால கூப்பிட ஏலாட்டி, இதை வெளிய தள்ளுங்க. மற்ற நேரம் அவ வரமாட்டா."

என்னிடம் திரும்பினார். "பயம் வந்தா முதல்ல தட்டுங்க. பதில் இல்லாட்டி எனக்கு எடுங்க. அதுக்கும் மேல எண்டா கதவையே உடைங்க, நான் வேற கதவு போட்டுத் தாறன்."

"வீட்டுல வேற கரண்டியும் இரிக்கே மிஸ்" என்றேன், மெல்லிய குரலில்.

"மத்தக் கரண்டியெல்லாம் கறிக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உள்ளே டக் என்று கொண்டி விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் முருங்கையடியில் இருந்து அழுதேன். மிஸ் என் பக்கத்திலேயே இருந்தார். என்னை நம்ப முடியாதென்று சில வாரம் காவலுக்கு வந்தார். மதினியும் நானும் இறால் உரிப்போம், அவரும் உரிப்பார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் இறாலைத் தலையோடு சேர்த்துப் பாதிச் சதையையும் பிய்த்து எறிவதைப் பார்க்க மதினிக்கு நெஞ்சு பதறும்.

ஒருநாள் மதினிதான் கேட்டார். "உங்களுக்கு ஏன் மிஸ் கதவுல இப்புடி ஒரு பைத்தியம்?"

"எங்கட வீட்டில ஒம்பது பேர், ஒரு அறை" என்றார். "எனக்கு அழ வேணும் எண்டா கரையில கவுத்து வச்ச வள்ளத்துக்குக் கீழ பூந்திடுவன். ஒருநாள் அழுதுகொண்டிருக்கேக்க வள்ளத்தைத் தூக்கிட்டாங்க. தொழிலுக்குப் போற நேரம். அப்பா, சித்தப்பா, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. நான் நடுவில."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மதினியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வள்ளத்தைத் தூக்கியவள் நான்.

அடுத்த வருடம் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாளும் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனார். சில்லறைக் கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மகள் அதற்குள் கொஞ்சம் தேறியிருந்தாள். சோறு சாப்பிட்டாள், பின்னேரங்களில் கோழிக்குத் தீன் போட்டாள். கரண்டியை மட்டும் நான் கண்ணால் காணவில்லை. பத்து மாதம். தொலைத்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன், கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி தாண்டியும் மகள் வெளியே வரவில்லை. கைகழுவக் குசினிக்கு வந்தவள் அறைப்பக்கம் பார்த்தேன். கதவின் கீழே ஏதோ மின்னியது. கரண்டிக் காம்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது, முழுதாக வந்து நிலத்தில் கிடந்தது.

குனிந்து எடுத்தேன். காம்பை இடுக்குக்குள் விடப் போனேன். கதவில் கை பட்டது, அது தானாகத் திறந்தது. கொண்டியை அவள் முன்பே எடுத்துவிட்டிருந்தாள். என்றாலும் ஒப்பந்தம் கரண்டிதானே, அதன்படி தள்ளியிருக்கிறாள்.

நிலத்தில் சுவரோடு ஒட்டி இருந்தாள். கைபேசியை என் பக்கம் நீட்டினாள். பட்ட பாடு மறக்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வாசிங்க" என்றாள்.

ஆலோசகருக்கு எழுதியிருந்தாள். சில நாளைக்கு எனக்கு இருக்கவே விருப்பமில்லை. உம்மாவுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல முடியாது. கீழே ஆலோசகரின் பதில்: உம்மா வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன், அவசரமில்லை.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஏன் மகள், உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. இந்த ஏன் என்ற சொல்லை மிஸ் எனக்கு எத்தனையோ முறை தடைசெய்திருக்கிறார். ஒரு கை தூரம் விட்டு நிலத்தில் உட்கார்ந்தேன்.

"வாசிச்சன்" என்றேன்.

"ஓம்."

"சொன்னது நல்லம். நான் இங்க இரிக்கட்டா?"

"ஓம். கதைக்க வேணாம்."

அந்த நேரம் பார்த்துப் பின்வளவிலிருந்து மதினியின் குரல் வந்தது. "என்ன புள்ள, போன ஆளக் காணல்ல? உள்ளுக்கு என்ன?" செருப்புச் சத்தம் குசினியைத் தாண்டி வந்தது. நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அதைப் போட்டது அதுதான் முதல் தடவை. மதினி தட்டினார். "பொறகு வாறன் மதினி" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். கரண்டி என் மடியில் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் ஆலோசகரும் நாங்களும் எழுதி எழுதியே ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு நாள் கழித்து, ஆட்கள் சேரும் முன், விசிறி போடும் முன், கிளினிக்கில் டொக்டர் மகளைப் பார்த்தார். தேற வாரங்கள் எடுத்தன. சாம்பல் நாட்கள் இன்னும் இருக்கின்றன. அவளும் இருக்கிறாள்.

மிஸ்ஸுக்கு அன்று பின்னேரமே கரண்டியைப் படமெடுத்து அனுப்பினேன். நடந்ததைப் பெரிதாக எழுதினேன், அழுததையும் எழுதினேன். ஏதாவது ஆறுதல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. "மழைக்குக் கதவு ஊதும் அக்கா, கொண்டி இறுகும். எண்ணெய் போடுங்க."

தேங்காயெண்ணெய் போட்டேன். கதவு அசையாமல் மகள் பிடித்துக்கொண்டாள்.